கிடைத்தது என்று ஒரு வரி

வைகாசி 4, திங்கள். என் மனைவி நடத்திவந்த மின்னஞ்சல் சேவைக் கணக்கோடு ஏஐ உதவியாளர் ஒன்றை இணைத்தேன்.

வைகாசி 5, செவ்வாய். என் மனைவியின் முதலாண்டுத் திதி ஆனி 2 என்று அறிவிக்கும் அஞ்சல் என் மகனுக்குச் சென்றது.

வைகாசி 13, புதன். அந்தத் தேதி பிழை என்று எங்கள் வீட்டுப் புரோகிதரான வாத்தியார் சொன்னார். ஆனி 31 எனத் திருத்தி இரண்டாவது அஞ்சல் அனுப்பப்பட்டது. இரண்டு அஞ்சல்களும் திறக்கப்பட்டதாக மாலையில் அறிக்கை கிடைத்தது.

ஆனி 2, செவ்வாய். காலையில் என் மகன் வீட்டு வாசல்வரை வந்தான். உள்ளே வரவில்லை.

நடந்தவற்றை நடந்த வரிசையில் எழுதியிருக்கிறேன். முப்பது ஆண்டுகள் பொறியியல் கல்லூரியில் அளவீட்டுக் கருவிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். முதலில் பதிவு, பிறகு விளக்கம் என்பது பழகிவிட்ட ஒழுங்கு. இனி வருவது விளக்கம்.

என் மனைவி வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கோயிலைச் சுற்றியுள்ள எங்கள் வீதிகளிலிருந்து வெளியே போன குடும்பங்கள் அநேகம். சிலர் கடல் கடந்து போனார்கள். பலர் அவ்வளவு தூரம் போகவில்லை. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஆலைகள் வந்த பிறகு, ஷிப்டுக்குத் தோதான இடத்தில் வீடு பிடித்துக்கொண்டார்கள். எங்கே இருந்தாலும் பெற்றோரின் திதியை அவர்கள் செய்தாக வேண்டும். திதியோ ஆங்கிலத் தேதியில் நிற்பதில்லை. தமிழ் மாதத்தையும் பிறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது அது. ஆண்டுதோறும் இடம் மாறும். ஆலைக்காரர்களின் சங்கடம் வேறு வகை. மாத அட்டவணை போடுவதற்கு முன்பே விடுப்பைச் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் மாலை பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் முன்னால் போய் நிற்க முடியாது.

அவள் முதலில் உறவினர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவந்தாள். கேட்பவர்கள் பெருகியதும், புடவைக் கடைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் விளம்பரம் அனுப்பப் பயன்படுத்தும் மின்னஞ்சல் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கினாள். ஒவ்வொரு பங்குனியிலும் வாத்தியாரோடு உட்கார்ந்து வரும் ஆண்டின் தேதிகளை வாங்கிக்கொள்வாள். ஓராண்டு அஞ்சல்களையும் முன்கூட்டியே எழுதி, உரிய நாளில் தாமாகப் போகும்படி வைத்துவிடுவாள். ஐந்து வாரம் முன்னதாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அஞ்சல். தேதி, கிழமை, திதி, அவ்வளவுதான். கடைசியில் மட்டும் ஒரு வேண்டுகோள் இருக்கும்: "கிடைத்தது என்று ஒரு வரி எழுதவும்." எழுதாதவர்களை அவள் தொலைபேசியில் அழைப்பாள்.

யார் யார் அஞ்சலைத் திறந்தார்கள் என்று காட்டும் வசதி அந்தச் சேவையில் உண்டு. அதை அவள் தொடக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"அவா அப்பா திவசத்தை அவா எத்தனை தடவை திறந்து பாக்கறான்னு எனக்கு எதுக்குத் தெரியணும்?" என்றாள். "நீங்க வேணா உங்க லேப்ல அதெல்லாம் அளந்துக்கோங்கோ."

அஞ்சல் சரியாகப் போகிறதா என்று பார்க்க, ஒவ்வொன்றின் சோதனைப் பிரதியையும் மகனுக்கு அனுப்புவாள். யார் வீட்டுத் திதியானாலும் அவன் "கிடைத்தது" என்று பதில் போடுவான். சில நாள்களில் "கிடைத்ததும்மா, சாப்டியா" என்று இருக்கும்.

சென்ற ஆனியில், தேய்பிறை பஞ்சமியன்று, அவள் இறந்தாள். நோய் நெடுநாள் நீடிக்கவில்லை. அவள் எழுதி வைத்திருந்த அஞ்சல்கள் பங்குனி முடியும்வரை தவறாமல் போயின. அவற்றுக்குப் பதில்களும் வந்தன. பதில் எழுதாதவர்களை அழைப்பதற்குத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

என் மகன் ஒரகடத்தில் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறான். திருமணம் ஆகவில்லை. ஆலைப் பேருந்து போகும் வழியில் வாடகைக்குக் குடியிருக்கிறான். தாய்க்கான கிரியைகள் எல்லாவற்றையும் செய்ய வேண்டிய கர்த்தா அவன்தான். முதல் ஆண்டில் மாதந்தோறும் வரும் மாசிகத்தை மார்கழிவரை எங்கள் வீட்டில் வந்து செய்தான். தை மாதம் ஆலையில் புதிய மாடல் வந்து, விடுப்பு கிடைப்பது கடினமாயிற்று. தாம்பரம் பக்கம் ஒரு மண்டபம் இருக்கிறது. அங்கே விடியற்காலையில் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், நேராக வேலைக்குப் போய்விடலாம் என்றான். இனி அங்கே செய்யட்டுமா என்று கேட்டான்.

"உன் சௌகரியம்" என்றேன்.

அவன் சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டுத் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டான். அதன் பிறகு மாசிகங்களை அந்த மண்டபத்தில் தனியாகச் செய்துவந்தான். ஒன்றையும் விடவில்லை என்று வாத்தியார் மூலம் அறிந்தேன். எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. சண்டை என்று சொல்லத் தக்கதாக எதுவும் நடக்கவில்லை. அதனாலேயே முடித்துக்கொள்ளவும் வழி தெரியவில்லை.

முதலாண்டுத் திதி மட்டும் இந்த வீட்டில் நடக்க வேண்டும் என்று விரும்பினேன். அவன் வந்து செய்ய வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சித்திரையில் பஞ்சாங்கத்தைப் பார்த்து அறிவிப்புகளை நானே ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன். அவள் அரை மணியில் செய்த வேலைக்கு எனக்கு ஒரு பகல் ஆயிற்று. கட்டுரைகளைச் சரிபார்க்க ஏற்கெனவே பயன்படுத்திவந்த ஏஐ உதவியாளரை இந்தச் சேவையோடு இணைக்கலாம் என்று படித்தேன். வைகாசியில் அதைச் செய்தேன். உதவியாளரின் அமைப்புப் பக்கத்தில் சேவையைத் தேர்ந்தெடுத்தேன். அவள் கணக்கில் நுழையச் சொன்னது. உறுதிப்படுத்தும் எண் அவள் கைபேசிக்கு வந்தது. அந்தக் கைபேசியை அணைக்காமல் வைத்திருந்தேன். அடுத்து அனுமதிகள். முகவரிகளைப் பார்க்கலாமா, பட்டியலை மாற்றலாமா, அஞ்சல் எழுதலாமா, அறிக்கைகளைப் படிக்கலாமா, அனுப்பலாமா. கடைசியைத் தவிர மற்றவற்றுக்கு ஒப்புதல் கொடுத்தேன். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்க வேண்டும் என்று வைத்தேன்.

அது திறமையாகவே வேலை செய்தது. பழைய அஞ்சல்களைப் படித்து அவற்றின் அமைப்பைப் புரிந்துகொண்டது. செயலிழந்த முகவரிகளைப் பிரித்துக் காட்டியது. பிறகு இரண்டு யோசனைகள் சொன்னது. திறப்பைக் காட்டும் வசதி நிறுத்தப்பட்டிருக்கிறது. அதை இயக்கினால் யாரைச் சென்றடைந்தது என்று தெரியும். அது தெரிந்துவிட்டால், பதில் எழுதும்படி கேட்கும் வரி தேவையில்லை. பதில்களைப் படித்துக் குறித்துக்கொள்ளும் வேலை மிச்சம். இரண்டும் நியாயமாகப் பட்டன. இரண்டையும் ஏற்றேன். நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களின் பட்டியல் அது. ஆனால் அறிக்கையில் நான் காண விரும்பிய பெயர் எது என்பதை உதவியாளர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பட்டியலில் புதிதாகச் சேர்க்க வேண்டிய திதி ஒன்றுதான் இருந்தது. அதற்குரிய தேதியை வாத்தியாரிடம் கேட்காமல் உதவியாளரிடம் கேட்டேன். ஆனி மாதத் தேய்பிறை பஞ்சமி, ஆனி 2 என்றது. பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். அன்று பிற்பகலில் பஞ்சமிதான். மறுநாள் மகனுக்கு அஞ்சல் போயிற்று. தலைப்பு, அவள் வழக்கமாக வைக்கும் "திதி அறிவிப்பு".

எட்டு நாள் கழித்து வாத்தியார் வந்தார். எங்கள் வீட்டுக்கு இரண்டு தலைமுறையாக நடத்தி வைப்பவர். என்னைவிட நான்கைந்து வயது இளையவர்.

"என்ன ஸ்வாமி, ஆனி ரெண்டுன்னு சமையல்காரர்ட்ட சொல்லி வெச்சிருக்கேளாம்?"

"பஞ்சாங்கத்துல அன்னிக்குப் பஞ்சமிதானே?"

"பஞ்சமிதான், யார் இல்லேன்னா? மாசக் கடைசில இன்னொரு பஞ்சமி உக்காந்துண்டிருக்கே, அதைப் பாத்தேளோ? பக்கத்தைத் திருப்பணும் ஓய்."

ஆனி நீண்ட மாதம். தொடக்கத்தில் ஒரு திதி வந்தால் முடிவதற்குள் அதே திதி மறுபடியும் வந்துவிடுவது உண்டு. அப்படி இரண்டு வந்தால் பின்னதை எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். இது எனக்குத் தெரியாததல்ல.

"யார் பாத்துச் சொன்னா இந்த ரெண்டாம் தேதியை?" என்றார். சொன்னேன்.

"ஏஐயா? பேஷ். அதுக்கு உபநயனம் ஆயிடுத்தோ?" என்று சிரித்தார். பிறகு, "பையன்ட்ட சொல்லியாச்சா?" என்றார்.

"மெயில் போயிருக்கு. திருத்தி இன்னொண்ணு அனுப்பிடறேன்."

"மெயிலா! இங்கேர்ந்து ஒரகடம் ஷேர் ஆட்டோல போற தூரம். அதுக்கு அமெரிக்காவைச் சுத்திண்டு ஒரு மெயிலா?"

நான் காபி கொண்டுவர உள்ளே போனேன்.

திருத்தத்தை உதவியாளர் எழுதியது. பழைய தலைப்பே இருந்தால் முதல் அஞ்சலின் நகல் என்று எண்ணி விட்டுவிடக்கூடும், கவனத்தை ஈர்க்கும் தலைப்பு வேண்டும் என்றது. "முக்கியம்! தேதி மாற்றம், தவறாமல் பார்க்கவும்" என்று வைத்தது. ஒப்புதல் கொடுத்தேன். மாலையில், மகன் பார்த்தானா என்று கேட்டேன். "இரண்டு அஞ்சல்களும் திறக்கப்பட்டுள்ளன" என்று பதில் வந்தது.

அவள் போன பிறகு நின்றபடியே சாப்பிட்டுவந்த நான், அன்று இரவு உணவை உட்கார்ந்து உண்டேன்.

ஆனி 2 எனக்கு மற்ற நாள்களைப் போன்ற ஒரு நாள். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுப் பாத்திரம் துலக்கிக் கொடுக்க ஒரு பெண்மணி வருகிறார். என் மனைவி இருந்த காலத்திலிருந்து வருபவர். எட்டு மணிக்கு மேல், நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, பின்கட்டிலிருந்து அவர் குரல் கேட்டது.

"இன்னா சார், தம்பி வந்துட்டு உள்ள வராமயே பூட்டாரு?"

எந்தத் தம்பி என்று கேட்டேன்.

"உங்க புள்ளதான். நான் கோலம் போட்டுகினு இருக்கேன், வண்டி வந்து நின்னுச்சு. வேட்டி கட்டிகினு, தோள்ல பைய மாட்டிகினு. வாங்க தம்பி, எவ்ளோ நாளாச்சுன்னேன். கோலத்தையே பாத்துகினு நிக்கிறாரு. 'கோலம் போட்டாச்சா'ன்னு கேட்டாரு. 'இது இன்னா கேள்வி, வூட்டு வாசல்னா போட மாட்டாங்களா'ன்னேன். வண்டிய திருப்பிகினு பூட்டாரு."

"எப்போ?"

"ஆறரை இருக்கும் சார். நீங்க குளிச்சுகினு இருந்தீங்க."

திதி நாளில் கிரியை முடியும்வரை வீட்டு வாசலில் கோலம் போடுவதில்லை. அவன் வேட்டி கட்டிக்கொண்டு தாயின் திதிக்கு வந்திருக்கிறான். வாசலில் கோலத்தைப் பார்த்திருக்கிறான்.

செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கணினியின் முன் உட்கார்ந்தேன். இரண்டாவது அஞ்சலை அவன் எப்போது திறந்தான் என்று கேட்டேன். சென்று சேர்ந்த அதே நிமிடத்தில் திறக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. ஆனால் பல அஞ்சல் செயலிகள் வரும் அஞ்சலைத் தாமே திறந்து படங்களை ஏற்றிக்கொள்கின்றன, ஆகவே ஒரு மனிதர் படித்ததாக இதைக் கொள்ள முடியாது என்று உதவியாளர் எழுதியது. இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வைகாசி 13-ஆம் தேதிப் பதிலை மறுபடியும் காட்டியது. "இரண்டு அஞ்சல்களும் திறக்கப்பட்டுள்ளன" என்ற வரிக்குக் கீழே இந்த எச்சரிக்கை அப்படியே இருந்தது. நான் முதல் வரியோடு நிறுத்தியிருக்கிறேன்.

கருவி காட்டும் எண் வேறு, அளக்கப்படும் பொருள் வேறு என்பது என் முதல் வகுப்பின் முதல் வாக்கியம்.

மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. அவன் எடுக்காவிட்டால் ஆலைக்குள் இருக்கிறான் என்று பொருள். கைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எடுத்த விடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான். பகல் ஷிப்ட் முடியும் நேரம் தெரியும். கைத்தடியை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்து, ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

உள்ளே சீருடையணிந்த மூன்று பெண்கள் இருந்தார்கள், அடுத்த ஷிப்டுக்குப் போகிறவர்கள். நான் ஏறியதும் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். அவர்களில் தெற்கத்திப் பேச்சுக்காரி ஒருத்தி, "தாத்தா, எந்தக் கம்பெனில டிரைனியா சேந்திருக்கிய?" என்றாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "யம்மா, பெரியவருகிட்ட இன்னா வம்பு?"

"வம்பு இல்லண்ணே. வயசு வரம்ப எடுத்துட்டாவளோன்னு கேட்டேன். எங்க அய்யாவும் வீட்ல சும்மாதான் இருக்காவ."

என் மகன் அங்கே வேலை பார்க்கிறான், அவனிடம் ஒரு தேதி சொல்லப் போகிறேன் என்றேன்.

"தேதியா!" அவள் மற்ற இருவரையும் இடித்தாள். "கேட்டியாடி, மாப்பிள்ளைக்குத் தேதி குறிச்சாச்சு. என்னைக்கு தாத்தா?"

"இந்த மாசக் கடைசி. புதன்கிழமை."

"புதனா? நல்லவேளை, ஞாயித்துக்கிழம வைக்காம விட்டிய. ஞாயித்துக்கிழம வச்சா எவனும் வர மாட்டான், ஓ.டி. போயிரும்லா. நல்லா நடக்கும் தாத்தா, பாருங்க."

நான் மறுத்துச் சொல்லவில்லை. நன்றி என்றேன். அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். வண்டி கார்களை ஏற்றிச் செல்லும் நீண்ட லாரி ஒன்றின் பின்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆலை வாயிலுக்கு எதிரே ஒரு மர நிழலில் நின்றேன். சங்கு ஒலித்ததும் ஒரே நிறச் சட்டையில் நூற்றுக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். அத்தனை பேரில் அவனை நடையை வைத்துக் கண்டுபிடித்தேன். அவனும் என்னைப் பார்த்தான். உடன் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து வந்தான்.

"என்னப்பா, இங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. கார்த்தால வந்தியாமே."

அவன் அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான்.

"மாசக் கடைசில இன்னொரு பஞ்சமி வரது. முப்பத்தொண்ணாம் தேதி. அதைத்தான் எடுத்துக்கணும்னார் வாத்தியார். திருத்தி உனக்கு மெயில் அனுப்பிச்சேன்."

"எப்போ?"

"மூணு வாரம் இருக்கும்."

கைபேசியை எடுத்துத் தேடினான். வெகு நேரம் கீழே தள்ளிக்கொண்டே போனான். விளம்பரங்களுக்கென்று அஞ்சல்பெட்டி தானாகப் பிரித்து வைக்கும் பகுதியில், காலணித் தள்ளுபடி அஞ்சலுக்கும் காப்பீட்டு அஞ்சலுக்கும் நடுவே அது இருந்தது. நின்றபடியே படித்தான்.

"முக்கியம், தவறாமல் பார்க்கவும்" என்று தலைப்பை மட்டும் சத்தமாக வாசித்தான். "இப்படி வந்தா விளம்பரம்னு ஒதுக்கிடும்ப்பா. அம்மா மெயில் ஒருநாளும் இங்க வந்ததில்லை. நான் பதில் போட்டுண்டே இருப்பேனோல்லியோ, அதனால நேரா வரும்."

"எனக்குத் தெரியாது."

"கோலத்தைப் பாத்தேன். சரி, எனக்குச் சொல்லாமலே மாத்திட்டேள், இல்லை, நான் வர வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேள்னு நினைச்சேன்." குரலை உயர்த்தவில்லை. "ஒரு போன் பண்ணிருக்கலாம்ப்பா."

நான் கைத்தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"முப்பத்தொண்ணாம் தேதி வருவியா?" என்று கேட்டேன். நேராகக் கேட்டது என் நினைவில் அதுதான் முதல் முறை.

"மாசக் கடைசில ஆடிட் இருக்கு. இருந்த ஒரு லீவையும் இன்னிக்குக் கேன்சல் பண்ணிட்டு வந்துட்டேன். மறுபடியும் கேட்டா என்ன சொல்லுவான்னு தெரியலை." ஆலைப் பேருந்து ஹாரன் அடித்தது. "பாக்கறேன். நீங்க எப்படிப் போவேள்?"

"ஆட்டோ இருக்கு."

அவன் ஏறிய பேருந்து புறப்பட்டுப் போகும்வரை நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் திறப்பைக் காட்டும் வசதியை நிறுத்தினேன். அஞ்சலின் கடைசி வரியைப் பழையபடி சேர்த்தேன். தலைப்புகளை அவள் வைத்திருந்தபடியே மாற்றினேன். உதவியாளரின் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அது செய்ததில் பெரும்பகுதி சரியான வேலை. பிழையானவற்றிலும் என் ஒப்புதல் இருந்தது. மகனுக்கு நினைவூட்டல் ஒன்று எழுதி வைக்கட்டுமா என்று அது கேட்டது. வேண்டாம் என்றேன்.

அவனுக்கு மூன்றாவது அஞ்சல் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அழைத்தேன். சாப்பிட்டாயா என்றேன். ஆயிற்று என்றான். அங்கே மழையா என்றான். இல்லை என்றேன். முப்பத்தொன்றாம் தேதியைப் பற்றி நான் மறுபடியும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கேட்டால் முடியாது என்று சொல்ல நேருமோ என்று அவன் அஞ்சினானா, அந்தப் பதில் வந்துவிடுமோ என்று நான் அஞ்சினேனா, தெரியாது. ஆனாலும் அழைத்தபோதெல்லாம் எடுத்தான்.

பதில் எழுதாத மற்ற வீடுகளையும் அழைக்கத் தொடங்கினேன். அவள் குரலை எதிர்பார்த்து, "மாமி, சொல்லுங்கோ" என்று தொடங்கியவர்கள் உண்டு. தேதியைச் சொன்னேன். சிலர் என்னிடம் நலம் விசாரித்தார்கள். நலம் என்றேன்.

ஆனி 31 புதன்கிழமை விடிந்தபோது வாசல் தெளித்த ஈரம் மட்டும் இருந்தது. வேலை செய்யும் பெண்மணியிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். "அப்ப இன்னிக்குத்தான் அந்த நாளா சார்?" என்று கேட்டார். பிறகு பாத்திரங்களை வழக்கத்தைவிட ஓசையின்றி வைத்தார். சமையல்காரர் வந்தார். ஒன்பதரைக்கு வாத்தியார் வந்தார்.

"எங்கே கர்த்தா?"

"வருவான்."

"வரேன்னு சொன்னானா?"

"பாக்கறேன்னான்."

வாத்தியார் வாசலையும் என்னையும் பார்த்தார். பத்தரைக்கு, "இன்னும் அரை மணி பாப்போம். வரலைன்னா நீங்களே உக்காந்துடுங்கோ. தப்பில்லை" என்றார். சரி என்றேன். கொடியிலிருந்து என் வேட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

நான் வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கனமான காலணிகளைக் கழற்றும் ஓசை கேட்டது.

சீருடையோடு வந்திருந்தான். சட்டைக் கையில் எண்ணெய்க் கறை. அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. கண்கள் சிவந்திருந்தன.

"லீவு கிடைக்கலை. நைட் ஷிப்ட்டுக்கு மாத்தி வாங்கிண்டேன்" என்றான். "ஏழு மணிக்கே வந்திருப்பேன். லைன் நின்னுடுத்து. சரிபண்ணாம வெளில விட மாட்டேன்னுட்டா."

"வண்டியைக் காணுமே, நெடுஞ்சாலைலேர்ந்து நடந்தா வந்தே?" என்றார் வாத்தியார். "போடா, போய்க் குளி. பஞ்சமி எங்கயும் ஓடிடலை. மத்தியானம் தாண்டி இருக்கு. உனக்காகத்தான் நின்னுண்டிருக்கு."

அவன் குளித்துவிட்டு வந்து அமர்ந்தான். நான் அவனுக்குப் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்தேன். வாத்தியார் சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொன்னான். இரவு முழுவதும் விழித்தவன். நடுவில் இரண்டு முறை தலை தாழ்ந்தது. வாத்தியார் அவன் முழங்காலைத் தொட்டார். ஓரிடத்தில் ஒரு சொல்லில் அவன் தடுமாறி நின்றான். வாத்தியார் அப்போது தீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தச் சொல்லை மெல்லச் சொன்னேன். அவன் திரும்பாமலே அதைச் சொன்னான். மேலே தொடர்ந்தான். தன் தாயின் பெயரைச் சொல்லும் இடங்களில் அவன் குரல் தெளிவாக இருந்தது.

எல்லாம் முடிந்து நாங்கள் சாப்பிட இரண்டு மணிக்கு மேல் ஆயிற்று. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டான். கை கழுவிவிட்டு வந்தவன் கூடத்தில், வெறும் தரையில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்தான்.

"எட்டரைக்கு பஸ்ப்பா. அஞ்சு மணிக்கு எழுப்பிடுங்கோ. போய் வேற யூனிபார்ம் எடுத்துக்கணும்."

சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டான். மின்விசிறியை ஒரு கட்டம் குறைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். மணி ஐந்தைத் தாண்டிச் சிறிது நேரம் ஆகிறது.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

ஒரே மாதத்தில் இரண்டு முறை வரும் திதிகளுக்கான வழக்கத்தை உதவியாளருக்கு எழுதித் தருவது.

ஆவணி முதலான மாதங்களின் தேதிகளை வாத்தியாரிடம் ஒருமுறை காட்டிவிடுவது.

அனுப்புநர் என்ற இடத்தில் உள்ள அவள் பெயரை மாற்றுவதா என்று முடிவு செய்வது.

இந்த வாரம் பதில் வராத வீடுகளை அழைப்பது.

எண்ணெய்க் கறைபட்ட சட்டையை ஊறவைப்பது.

மகனை எழுப்புவது.